வாரக்கூலியும் வாரப்பாடமும்

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சீட்டைக் கொண்டுவந்து முதலாளியிடம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. போன வாரத்தின் ஏழு நாளில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது இந்தப் பிள்ளை என் பள்ளியில் இருந்தது என்று வாத்தியார் கொடுக்கும் சீட்டு அது. சீட்டு இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. 9 வயதாகி 13 நிரம்பாத பிள்ளைகளிடம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொன்னதும் இதே சட்டம்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய இரக்கம். ஆனாலும் பிள்ளை என்ன படித்தது என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. எத்தனை நாள், எத்தனை மணி என்பது மட்டும்தான் இருந்தது. இன்று இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வாரத்தின் காலைப் பொழுதுகளைப் பெரும்பாலும் ஆங்கிலமும் கணக்குமே எடுத்துக்கொள்கின்றன. வரலாறும் புவியியலும் ஓவியமும் இசையும் மத்தியானங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. வாரத்துக்கொரு எழுத்துக்கூட்டல் தேர்வு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வாரப் பாடத்திலும் இதே இரண்டு. குழந்தையின் மனவளர்ச்சியை ஆராய்ந்து யாரோ நிதானமாக வகுத்த திட்டம் என்றே இதைப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வரலாறு வேறு சொல்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டும், அதையும் வாரக்கணக்கில் அளந்து என்ற இந்த ஏற்பாடு, ஏழைப் பிள்ளைகளின் வேலை நேரத்தையும் அரசாங்கத்தின் செலவுக் கணக்கையும் அளவாக வைத்து வெட்டிய துணி.

முதலில் வாரத்தைப் பார்ப்போம். 1780-இல் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்த ஊரின் பெரிய தொழில் குண்டூசி செய்வது. ஆறு நாளும் பட்டறையில் அடைந்து கிடந்த சிறுவர்கள் ஏழாம் நாள் தெருவில் போடும் கூச்சல்தான் அவரை இந்த வேலைக்குத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். வேலைநாளில் பிள்ளையை யாரும் விடமாட்டார்கள், விடுகிற நாள் ஒன்றே ஒன்று. எனவே பள்ளி வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. கற்பிப்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஷில்லிங் கூலி. ரெய்க்ஸ் 1783-இல் தம் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியதும் யோசனை நாடெங்கும் பரவியது. 1851-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்போது ஞாயிறு பள்ளிகளில் பெயர் பதிந்திருந்த பிள்ளைகள் 20 லட்சத்துக்கும் மேல். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு வாழ்நாளில் கிடைத்த படிப்பு இதுவே. வாரம் என்ற அளவு பாடத்துக்குள் நுழைந்த கதை இதுதான். ஒரு பாடத்தை மனம் செரித்துக்கொள்ள ஏழு நாள் வேண்டும் என்று எவரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. பட்டறை விட்ட நாளைப் பள்ளி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி, ஏன் இந்தப் பாடங்கள் என்ற கேள்வி. இங்கே கதை சிக்கலாகிறது, நம்மைத் தடுத்து நிறுத்துவதும் இந்த இடம்தான். படித்தல், எழுதுதல், கணக்கு என்று மூன்றையும் இன்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவை மூன்றும் மூன்று வேறு வேறு தரத்துப் பொருள்களாக இருந்தன. படிப்பு பக்திக்கு உரியது: வேதாகமம் வாசிக்கத் தெரிந்தால் பிள்ளை நல்வழிப்படும். எழுத்து ஆபத்தானது: எழுதத் தெரிந்த கூலியாள் துண்டுப் பிரசுரமும் எழுதுவான், விண்ணப்பமும் எழுதுவான். கணக்கோ வியாபாரம், அதை ஓய்வு நாளில் தொடுவது பாவம். மெண்டிப் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் 1789 முதல் பள்ளிகள் நடத்திய ஹன்னா மோர் ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்தார், எழுதக் கற்பிக்க மறுத்தார். மெதடிஸ்ட் சபைக்குள் ஜாபெஸ் பன்டிங் போன்ற தலைவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்து வகுப்பு கூடாது என்று பல ஆண்டுகள் போராடி 1820-களில் அதைச் சபை விதியாகவே ஆக்கினார்கள். 1807-இல் ஊர்தோறும் பள்ளி வைக்கலாம் என்று சாமுவேல் விட்பிரெட் ஒரு மசோதா கொண்டுவந்தபோது, படித்தால் ஏழைகள் தங்கள் நிலையை வெறுத்துவிடுவார்கள் என்று டேவிஸ் கிடி என்ற உறுப்பினர் மன்றத்தில் எழுந்து வாதாடினார். மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. ஆக, மேலிருந்தவர்கள் மூன்றையும் அள்ளிக் கொடுக்கவில்லை. ஒன்றைக் கொடுத்து மற்ற இரண்டையும் கைக்குள் மூடி வைத்தார்கள்.

கைவிரல்களைப் பிரித்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள் தொழிலாளர்களே. ஸ்டாக்போர்ட்டின் ஞாயிறு பள்ளி எந்தச் சபைக்கும் முழுதாகக் கட்டுப்படாமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தையும் சேர்த்தே கற்பித்தது. வடக்கத்திய ஆலை ஊர்களில் வேறு பல பள்ளிகளும் அப்படித்தான் செய்தன. வார நாள்களில் ஏதோ ஒரு கிழவி தன் வீட்டுக் கூடத்தில் நடத்திய சிறு பள்ளிகளுக்கும் பெற்றோர் சொந்தக் காசு கொடுத்தார்கள். அங்கே வாசிக்க மட்டும் ஒரு விலை, எழுத்தும் சேர்ந்தால் அதற்கு மேல், கணக்கும் வேண்டுமென்றால் இன்னும் மேல். இந்த விலைப்பட்டியலே ஒரு சாட்சி. எது தங்கள் பிள்ளையின் பிழைப்பை மாற்றும் என்று அந்த நெசவாளருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது. கூலிக் கணக்கைச் சரிபார்க்க, கடைக்காரரிடம் ஏமாறாமல் இருக்க, வெளியூர்ப் பிள்ளைக்குக் கடிதம் போட அவர்கள் எழுத்தையும் எண்ணையும் கேட்டார்கள். எனவே இந்த இரண்டையும் ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மறுக்கப்பட்ட ஒன்றைப் போராடிப் பெற்றவர்களின் கதையும் இதற்குள் இருக்கிறது. அவர்கள் கேட்டது எப்படி வெறும் பதிவேட்டு எண்ணாகச் சுருங்கியது என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

அந்தச் சுருக்கத்தின் ஒரு முனை நம் எழும்பூரில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூர் ஆண்கள் அநாதை ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவிழந்த சிறுவர்களுக்கான இடம் அது. ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றைத் தற்செயலாகக் கடந்து போனபோது, பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரமத்திலும் அதையே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்ல வைத்தார், அது பலித்தது. 1796-இல் ஊர் திரும்பி அடுத்த ஆண்டே இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் உத்தி தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெல் கடைசிவரை நம்பினார். சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அறிந்த தமிழ் வாசகருக்கு அதை ஏற்பது கடினம். 1623-இல் கன்னடக் கடற்கரைப் பக்கம் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, கோயில் மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் மணலில் எழுதி ராகமிட்டுச் சொல்லிக் கணக்குப் படித்ததை வியந்து குறித்திருக்கிறார். 1823-இல் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல், தம் மாவட்டப் பள்ளிகளில் முன்னேறிய பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் முறை இங்கிலாந்து பின்பற்றத் தக்கதே என்று அரசுக்கு எழுதினார்.

கடல் கடந்தபோது முறை போயிற்று, பாடம் போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மணலையும் சட்டாம்பிள்ளையையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. திண்ணைப் பள்ளியில் அந்த மணலில் எழுதப்பட்டது என்ன? எண்சுவடி. முந்திரி என்ற 320-இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கி காணி, மா, வீசம், கால், அரை, முக்கால் என்று ஏறும் பின்னங்கள். செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று நெல் அளக்கும் நெல்லிலக்கம். நிலத்தின் பரப்பைக் குழியில் கண்டுபிடிக்கும் குழிமாத்து. இவை மனப்பாடந்தான், பிரம்படியோடு வந்த மனப்பாடம். ஆனால் மனப்பாடம் போய்ச் சேர்ந்த இடம் களத்துமேடும் வயல்வரப்பும். அந்தப் பள்ளிக்கு வாரமும் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை என்று விடுமுறை நிலவைப் பார்த்து வந்தது. அந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர். வகுப்பு முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே பாடத்தில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிள்ளை ஒரு சுவடியை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும். அதைச் சொர்க்கம் என்று காட்ட நான் இதைச் சொல்லவில்லை. 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பை வைத்துச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. ஒன்றே கால் கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் அது 67-க்கு ஒருவர். பெண் பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் திறக்கவில்லை. ஆனால் கற்பிக்கும் உத்தி ஒன்று, அது வேர்விட்டிருந்த பாடத்திலிருந்து பிடுங்கப்பட்டு வேறு மண்ணில் நடப்படும்போது வேறொன்றாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இங்கிலாந்தில் அது மலிவுக் கல்வி ஆனது. 1811-இல் அமைந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் கொண்டுபோனது. போட்டியாளரான ஜோசப் லங்காஸ்டர் லண்டனின் பரோ ரோட்டில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துக் காட்டினார். நம் ஊர்த் திண்ணையில் இருபது முப்பது பேருக்கு நடுவே அண்ணனைப் போல் உட்கார்ந்திருந்த சட்டாம்பிள்ளை, அங்கே பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக ஏவல் சொல்லும் மேஸ்திரியானான். மணல் தட்டு காகிதச் செலவை மிச்சம் பிடித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும்கூடக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற பொருளில் பெல்லே 1800-களின் தொடக்கத்தில் எழுதினார் என்பது வேதனையான செய்தி. எண்ணுக்கும் எழுத்துக்கும் பிறந்த மணலை எடுத்துக்கொண்டு போனவர் எண்ணையும் எழுத்தையும் வேண்டாம் என்றார். நடைமுறையில் தேசியச் சங்கப் பள்ளிகள் மூன்றையும் கற்பிக்கவே செய்தன, பெற்றோர் வேறெதற்கும் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆனால் எவ்வளவு குறைந்த செலவில், எவ்வளவு பேருக்கு என்ற கேள்விதான் அன்றிலிருந்து பள்ளியின் முதல் கேள்வியாக நிலைத்தது.

1833-இன் சீட்டுக்குத் திரும்புவோம். தொழிற்சாலை ஆய்வாளர் லியோனார்ட் ஹார்னர் போன்றவர்கள் ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தபோது, அந்தச் சீட்டுகள் சிலவற்றில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி இருந்தது. கற்பித்தவருக்கே எழுதத் தெரியாது. அதனால் 1844-ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் தம் கைப்படவே எண்களை நிரப்பி முழுப் பெயரையும் எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே சட்டம் அரைநாள் வேலை, அரைநாள் பள்ளி என்ற முறையைக் கொண்டுவந்து, ஆலைக்கு வரக்கூடிய வயதை 8 ஆகக் குறைக்கவும் செய்தது. அரைநாள் பிள்ளைகள் என்ற இனம் லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அதற்கு முடிவுகட்டியது. இன்னொரு பக்கம் பள்ளிக் கட்டணமும் வாரக்கூலியைப் பின்தொடர்ந்தது. சனிக்கிழமை கூலி வாங்கிய வீடு திங்கட்கிழமை காலை பிள்ளையின் கையில் ஒரு பென்னியோ இரண்டோ மூன்றோ கொடுத்தனுப்பும். 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தன் கீழ் அமைந்த வாரியப் பள்ளிகளின் கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பும் வாரத்துக்கு 9 பென்ஸ் என்றே எழுதப்பட்டது. காசில்லாத வாரம் பிள்ளை வராது. 1891-இல் அரசு கட்டணத்துக்கு ஈடாகப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலான பள்ளிகளில் திங்கட்கிழமைக் காசு ஒழிந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் ஏழைக் குழந்தையின் படிப்பு வாரம் என்ற துண்டாக வந்து வாரம் என்ற துண்டாகவே அறுந்துபோய்க்கொண்டிருந்தது. எந்த வாரமும் கடைசி வாரமாகிவிடலாம் என்ற நிலையில் ஆசிரியர் நீண்ட பாடம் எதையும் திட்டமிட முடியாது. உடனே காட்டக்கூடிய, உடனே எண்ணக்கூடிய ஒன்றைத்தான் கற்பிப்பார்.

அந்தப் பழக்கத்துக்கு அரசாணையின் பலம் கிடைத்தது 1862-இல். நியூகாசில் பிரபுவின் ஆணைக்குழு மூன்றாண்டு விசாரித்து 1861-இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உருப்படியாக ஏதோ கற்றுப் போகிறது என்பது அதன் முடிவு. அரசு மானியமோ 1833-இல் 20,000 பவுண்டாகத் தொடங்கி 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ திருத்தக் கோவை ஒன்றைக் கொண்டுவந்தார். முக்கியமான விதி இது: ஆண்டில் 200 முறைக்கு மேல் வருகை தந்த, ஆறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங் மானியம். ஆய்வாளர் வந்து சோதிக்கும்போது படிப்பில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழியும், எழுத்தில் தவறினால் அதே அளவு, கணக்கில் தவறினாலும் அதே அளவு. ஆறு வயதுக்குட்பட்ட சின்னஞ்சிறுசுகளுக்கு மட்டும் சோதனை இல்லை. ஆறு படிகள் வகுக்கப்பட்டன. முதல் படியில் ஓரசைச் சொற்களாலான ஒரு கதையை வாசித்து, சொல்லச் சொல்ல எழுத்துகளை எழுதி, 20 வரை எண்களை எழுத வேண்டும். இரண்டாம் படியில் பெருக்கல் வாய்ப்பாடு. ஆறாம் படியில் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்கவும் இன்னொன்றைச் சொல்ல எழுதவும் வேண்டும், கணக்கில் கடைப் பட்டியல் போட வேண்டும். படி என்று நான் சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்டாண்டர்டு. மூணாம் ஸ்டாண்டர்டு, அஞ்சாம் ஸ்டாண்டர்டு என்று இன்றும் நம் வீடுகளில் சொல்லும் சொல், மானியப் பணத்தைக் கணக்கிட லண்டன் அலுவலகம் ஒன்றில் பிறந்தது. இங்கிலாந்து அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது, நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காசுக்கேற்ற பணியாரம் என்பார்கள். மானியம் எதற்கோ அதுவே பாடம் என்றானது. வரலாறும் புவியியலும் பாட்டும் பல பள்ளிகளில் காலையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இன்மைக்கும் நகர்ந்தன. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்தன, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வாசித்த பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்து நினைவுகள் பல பேசுகின்றன. வருகைப் பதிவேடு பூசைப் பொருள் மாதிரி ஆனது. தலைமை ஆசிரியர் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று விதி இருந்ததால், வாரந்தோறும் எத்தனை பேர் வந்தார்கள், ஏன் குறைந்தார்கள் என்பதை அவர்கள் எழுதிவைத்த பக்கங்கள் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் நிறைய உண்டு. அறுவடை, மழை, கக்குவான் இருமல், செருப்பில்லாமை என்று அவற்றில் வரும் காரணங்களைப் படிக்கும்போது, ஒவ்வொரு வருகைக் குறைவுக்குப் பின்னும் ஒரு ஆசிரியரின் சம்பளம் நடுங்கியது புரியும். 1851 முதல் 35 ஆண்டு ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் இந்த முறையை முதல் நாளிலிருந்தே எதிர்த்தார். பள்ளிகளில் உயிர்த்துடிப்பும் ஆசிரியர்களின் முனைப்பும் குறைந்துவிட்டதைத் தம் ஆண்டறிக்கைகளில் எழுதினார். இயந்திர வேலையாகக் கற்பிக்கச் சொல்லிவிட்டு அறிவு வளரவில்லையே என்று கேட்பது தகுமா என்பதே அவர் வாதத்தின் சாரம். முறை 1890-களில் படிப்படியாகத் தளர்ந்து 1897-இல் ஒழிந்தது. தாமே ஆய்வாளராயிருந்து அதை நடத்திய எட்மண்ட் ஹோம்ஸ் ஓய்வு பெற்ற பிறகு 1911-இல் எழுதிய நூலில், அந்தக் காலத்தின் பழக்கம் ஆசிரியர்களின் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்ற பொருளில் வருந்தினார்.

லோவின் தரப்பை நியாயமாக எடுத்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. அவருக்கு முன்பு ஆசிரியர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரை மேல் வகுப்பில் பளபளவென்று தேய்த்து வைத்துக்கொண்டு, பின்வரிசையைத் திரும்பியும் பாராமல் விட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே காசு என்றதும் பின்வரிசைப் பிள்ளைக்கும் ஒரு மதிப்பு வந்தது. அரசாங்கம் செலவிடும் பணத்துக்குப் பலன் கேட்பதும் தப்பில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் ஏமாற்றப்படுவது எப்போதும் ஏழைதான், சிலுவைக் குறி போட்ட சீட்டே அதற்குச் சாட்சி. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோவின் கோவை பின்வரிசைப் பிள்ளைக்குக் கொடுத்த மதிப்பு 2 ஷில்லிங் 8 பென்ஸாகவே நின்றுவிட்டது. அந்தத் தொகையைக் காப்பாற்றுமளவுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு எதையும் கொடுக்கக் காரணம் இல்லை. தேர்ச்சிக்கு மேலே இருந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இப்போது யாருமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த மானியம் கணிசமாகக் குறைந்தது. பின்வரிசைமேல் வந்த அக்கறைதான் முதல் நோக்கம் என்றால், எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிவிட அதிகப் பணம் தேவைப்பட்டிருக்கும். சிக்கனமும் ஒரு நோக்கம் என்பதை லோவே மறைக்கவில்லை: இந்த முறை மலிவாக நடக்காவிட்டால் திறமையாக நடக்கும், திறமையாக நடக்காவிட்டால் மலிவாகவாவது நடக்கும் என்பது அவர் கொடுத்த உறுதி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. எழுத்தும் எண்ணும் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை, அடித்தளம் போடாமல் மாடி எழுப்ப முடியாது, ஆகவே இவை இரண்டும் முதலிடம் பெற்றதில் என்ன குறை? குறை எதுவும் இல்லை, அடித்தளத்தின் மேல் வீடு எழும்பியிருந்தால். 1862-இன் ஆறாம் படியை முடித்த பிள்ளை ஒரு செய்தித்தாள் பத்தியை வாசிக்கும், ஆனால் அந்தச் செய்தி எந்த நாட்டைப் பற்றியது, அந்த நாடு எங்கே இருக்கிறது என்பதைக் கற்பிக்க மானியம் இல்லை. வாசிக்கும் திறனும் வாசிக்க வேண்டிய உலகமும் தனித்தனியாக வளர்வன இல்லை. தெரிந்த பொருளைப் பற்றிய பத்தியைப் பிள்ளை எளிதாகப் படிக்கும், தெரியாத பொருளில் சொல்லுக்குச் சொல் தடுக்கும். கணக்கும் அப்படித்தான். நெல்லிலக்கம் படித்த பிள்ளை நாழியைக் கையில் பிடித்திருந்தது. தொழிலாளர் வீடுகள் எழுத்தையும் எண்ணையும் கேட்டதும் இதற்காகவே: கூலிச் சீட்டு, கடைக் கணக்கு, கடிதம் என்று அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டிய எழுத்தும் எண்ணும். அவர்கள் கேட்ட பொருளை அரசு கொடுத்தது உண்மை, பயன்படும் இடத்திலிருந்து அறுத்துக் கொடுத்தது. அதே காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் ஒரு படிப்பின் ஆரம்பமாக இருந்தன. அடிப்படை என்ற வாதம் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அடிப்படையோடு நிறுத்திக்கொள் என்ற பொருளில் செயல்பட்டது.

இந்தச் சரக்கு நமக்கும் திரும்பி வந்தது. மணலும் சட்டாம்பிள்ளையும் எழும்பூரிலிருந்து போனதற்குப் பதிலாக, தேர்ச்சிக்குக் காசு என்ற மானிய முறை சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1882-இன் ஹன்டர் கல்வி ஆணைக்குழு தொடக்கக் கல்விக்கான உதவியைப் பெரும்பாலும் தேர்வு முடிவுகளை வைத்தே கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. கிராமத்து உபாத்தியாயர் மானியம் வேண்டுமானால் எண்சுவடியை மூட்டை கட்டிவிட்டு ஆய்வாளர் கேட்கும் பாடத்தைக் கற்பிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்து 1897-இல் கைகழுவிய முறையை இந்தியாவில் விட்டுவிடும்படி வைஸ்ராய் கர்சன் ஆட்சியின் தீர்மானம் சொன்னது 1904-இல்.

இங்கிலாந்தில் கைகழுவியது முழுதாகப் போய்விடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடக்கப் பள்ளிகள் ஓரளவு மூச்சுவிட்டன. பிறகு 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தை வகுத்தபோது ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் மையப் பாடங்களாயின. 7 வயதிலும் 11 வயதிலும் தேர்வுகள் வந்தன, தொடர்ந்து பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களும் வந்தன. 1998-இல் தினம் ஒரு மணி நேர எழுத்தறிவுப் பாடம், 1999-இல் தினசரிக் கணக்குப் பாடம். எழுத்தறிவு மணியை 15 நிமிடம், 15 நிமிடம், 20 நிமிடம், 10 நிமிடம் என்று பிரித்தே கொடுத்தார்கள், ஆசிரியர்கள் வாரத் திட்டத் தாளை நிரப்பினார்கள். இவற்றுக்கு இடம் பண்ணுவதற்காக வரலாறு, புவியியல், ஓவியம், இசை ஆகியவற்றின் முழுப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் 1998-இல் தளர்த்தப்பட்டது. 2009-க்குப் பிறகு 11 வயது அறிவியல் தேர்வு எல்லாப் பள்ளிகளுக்கும் என்ற நிலை நீங்கியது. மூன்று மையப் பாடங்களில் தேர்வும் தரவரிசையும் தாங்கிப் பிடித்தவை மறுபடியும் இரண்டாயின. பணம் இப்போது பிள்ளைத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று கழிவதில்லை. ஆனால் பட்டியலில் கீழே இறங்கிய பள்ளிக்குப் பெற்றோர் வரமாட்டார்கள், பிள்ளை வராவிட்டால் நிதி வராது. இந்த முறையை வகுத்தவர்களும் லோ சொன்னதையே கனிவான குரலில் சொன்னார்கள்: ஏழைப் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது. அந்த அக்கறை உண்மையானது என்றே நம்புகிறேன். எழுத்தறிவு மணியால் வாசிக்கக் கற்ற பிள்ளைகள் உண்டு, அதையும் மறுக்கவில்லை. மத்தியானங்கள் மெலிந்தபோது, அருங்காட்சியகத்துக்கும் இசை வகுப்புக்கும் வீட்டுச் செலவில் போகமுடியாத பிள்ளைக்குத்தான் இழப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2022 முதல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு படிக்கும் 8, 9 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனையை எழுதுகிறார்கள். கணினித் திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி. லோவின் கோவையில் இரண்டாம் படிப் பிள்ளைக்கு விதித்த அதே வாய்ப்பாடு. கேட்கப்படுவது 12-ஆம் வாய்ப்பாடு வரை. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்காக இருந்த காலத்தில், திங்கட்கிழமைக் காசையும் சனிக்கிழமைக் கூலியையும் எண்ணிப் பார்க்க அந்த வீடுகளுக்கு 12 அவசியமாக இருந்தது. 1971 பிப்ரவரி 15 அன்று இங்கிலாந்து ஷில்லிங்கை விட்டுவிட்டு 100 பென்ஸுக்கு ஒரு பவுண்டு என்று மாறிக்கொண்டது. வாய்ப்பாடு 12-இலேயே நிற்கிறது.